சட்டநாத பிள்ளையின் முதுகு

அப்பா இல்லை சார். மாமனார், பெரியப்பா, தாத்தா, யாருமே இல்லை. எனக்கும் இவருக்கும் இதுவரை எந்த உறவும் இல்லை. ஏற்படுமா என்பது இந்தப் பேருந்து சீர்காழி போய்ச் சேர்ந்த பிறகுதான் தெரியும். பெயர் சட்டநாத பிள்ளை. உங்கள் முழங்கையைக் கொஞ்சம் நகர்த்துகிறீர்களா, படத்தில் கண்ணாடி இருக்கிறது. நன்றி.

முகத்தைப் பார்க்காதீர்கள். எல்லோரும் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். தலைப்பாகை, மீசை, கைத்தடி, பக்கத்தில் பூத்தொட்டி, பின்னால் திரையில் வரைந்த மாடிப்படி. அந்தக் காலத்து ஸ்டூடியோவில் எல்லோரும் அந்த மாடிப்படிக்கு முன்னால்தான் நின்றார்கள், ஒருவரும் ஏறியதில்லை. இவருடைய முக்கியத்துவம் முகத்தில் இல்லை சார், முதுகில்.

நான் பேசுவது கொஞ்சம் புத்தகம் மாதிரி இருக்கும். கும்பகோணத்தில் ஒரு கல்லூரியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். பெயர் வன்மீகநாதன். முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். எத்தனை வருடமாக என்று கேட்காதீர்கள், என் மனைவி தவறான விடை சொல்வாள். தலைப்பு, 'வெண்சங்கு வார இதழும் அதன் வீழ்ச்சியும்'. சீர்காழியிலிருந்து 1934 முதல் 1936 வரை வந்தது. ஆசிரியர் சுயம்பிரகாசம். மாபெரும் மனிதர். வெள்ளைக்காரனை நடுங்க வைத்தவர். எப்படித் தெரியும் என்கிறீர்களா? பத்திரிகை திடீரென்று நின்றுபோயிருக்கிறது. நல்ல பத்திரிகை திடீரென்று நின்றால் அரசாங்கம்தான் நிறுத்தியிருக்க வேண்டும். ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அதுதான். 'அடக்குமுறை'. எழுதி முடித்துவிட்டேன். முடிவு கையில் இருக்கிறது, முதன்மைச் சான்று மட்டும்தான் இல்லை. கடைசி இதழ் கிடைத்தால் போதும். என் நெறியாளர், 'சான்று கிடைத்த பிறகு முடிவுக்கு வரலாமே' என்றார். அவர் பழைய மாதிரி.

தேடியிருக்கிறேன் சார், சும்மா இல்லை. ஒரு நூலகத்தில் வெண்சங்கு பட்டியலில் இருந்தது, அலமாரியில் இல்லை. இன்னொரு நூலகத்தில் அலமாரியில் இருந்தது, பட்டியலில் இல்லை. பட்டியலில் இல்லாததை எடுத்துக் கொடுக்க விதியில் இடமில்லை. நான் அதைப் பார்க்கிறேன், நூலகர் என்னைப் பார்க்கிறார், நடுவில் மேஜை. மூன்றாவது இடத்தில் நுண்படச்சுருள், அதாவது மைக்ரோஃபிலிம், இருந்தது. படம் எடுத்த ஆள் பக்கத்துக்குப் பக்கம் தன் கட்டைவிரலையும் சேர்த்து எடுத்திருக்கிறார். தலையங்கத்தின் முக்கியமான வரிகளில் எல்லாம் கட்டைவிரல். அந்த விரலை எங்கே பார்த்தாலும் இன்று நான் அடையாளம் சொல்வேன்.

பிறகுதான் ஒன்று புரிந்தது. பழைய பத்திரிகை நூலகத்தில் இருப்பதைவிட வீடுகளில் அதிகம். என்ன, பத்திரிகையாக இருக்காது. டிரங்குப் பெட்டிக்கு அடியில் விரிப்பாக இருக்கும். அலமாரித் தட்டில் இருக்கும். பித்தளை அண்டாவுக்குச் சுற்றியிருக்கும். ஆகவே நான் வீடுகளுக்குப் போக ஆரம்பித்தேன். கல்யாண வீட்டில் எல்லோரும் மணவறையைப் பார்ப்பார்கள், நான் சாமான் அறையைப் பார்ப்பேன். ஒருமுறை துக்கம் கேட்கப் போன இடத்தில் அந்த அம்மாவின் டிரங்குப் பெட்டியைக் காலி செய்ய உதவினேன். 'இப்படி ஒரு மனுஷரா' என்று கண்ணீர் விட்டார்கள். அடியில் 1961ஆம் வருடத்துச் சோப்பு விளம்பரம்தான் இருந்தது. 'ச்சே' என்று கொஞ்சம் சத்தமாகச் சொல்லிவிட்டேன். அதிலிருந்து என் மனைவி சௌந்தரா என்னைத் துக்கத்துக்கு அழைத்துப்போவதில்லை.

சுகத்துக்கும் அழைத்துப்போக மாட்டாள். ஆனால் பெண்ணுடைய சம்பந்தம் பேசத் தகப்பன் போகாமல் முடியாது இல்லையா?

ஒரே பெண். பெயர் இதழினி. பூவின் இதழ் என்று ஊரெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். வார இதழ், மாத இதழ் என்கிறோமே, அந்த இதழ். கேட்பவர்களிடமெல்லாம் நான் திருத்திச் சொல்வேன், அவள் தலையில் கையை வைத்துக்கொள்வாள். சென்னையில் வேலை. அங்கேயே சிபி என்று ஒரு பையன். இரண்டு பேரும் விரும்பிவிட்டார்கள். நமக்கு ஆட்சேபம் இல்லை. பையனுக்கும் அவன் அப்பா தோணியப்பனுக்கும் இல்லை. தோணியப்பன் மின்வாரியத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், தங்கமான மனிதர், எதற்கும் ஆட்சேபம் சொல்லிப் பழக்கமே கிடையாது. ஆட்சேபம் எல்லாம் சம்பந்தியம்மாவுக்குத்தான். காதல் கல்யாணம் என்றாலே அந்த அம்மாவுக்கு முகம் சுண்டிவிடும். ஆறு மாதம் மகன் கெஞ்சி, 'சரி, அவங்க வந்து வீட்டைப் பார்க்கட்டும், மனுஷங்களைப் பார்த்துட்டுச் சொல்றேன்' என்ற இடத்துக்கு வந்திருந்தது.

கிளம்பும்போது என் பெண் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அப்பா, ஒரே ஒரு நாள். எதையும் தொடாதீங்க. எதையும் திருப்பிப் பார்க்காதீங்க. பலகாரத்தைப் பேப்பர்ல வச்சுக் கொடுத்தாலும் பலகாரத்தை மட்டும் பாருங்க."

"நான் என்ன குழந்தையா?" என்றேன்.

"குழந்தையா இருந்தா தூக்கி இடுப்புல வச்சுக்கலாமே" என்றாள் சௌந்தரா.

போனோம். பெரிய கூடம். வாழைப்பழம், வெற்றிலை, பன்னீர்ச் செம்பு எல்லாம் தட்டில் இருந்தன. என்னை ஒரு நாற்காலியில் உட்கார வைத்தார்கள். நான் தேர்ந்தெடுத்த நாற்காலி இல்லை சார், அவர்களே உட்கார வைத்தது. இதை நான் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். நாற்காலிக்கு நேர் மேலே சட்டநாத பிள்ளை. தோணியப்பனுடைய தாத்தா.

"எங்க குடும்பத்துல இந்தக் காதல் கத்தரிக்காயெல்லாம் கிடையாதுண்ணே" என்று சம்பந்தியம்மா ஆரம்பித்தார். "இதோ இருக்காரே, எங்க மாமனாரோட அப்பா. ஏகபத்தினி விரதர். அவர் படத்துக்கு முன்னால நின்னு பொய் சொல்ல இந்த வீட்டுல யாருக்கும் நாக்கு புரளாது."

மரியாதைக்கு அண்ணாந்து பார்த்தேன். பழைய படங்களை எப்படி மாட்டுவார்கள் தெரியுமா? சுவரோடு ஒட்டி மாட்ட மாட்டார்கள், மேல்பக்கம் முன்னால் சாய்ந்திருக்கும். சுவரோரமாக எட்டிப் பார்த்தால் இடுக்கில் படத்தின் பின்பக்கம் தெரியும். பின்பலகை மேல் சட்டம் போடுகிறவர் ஏதாவது காகிதத்தை ஒட்டியிருப்பார். ஒட்டடைக்கு நடுவில், மங்கலாக, ஒரு சங்கு தெரிந்தது. வலம்புரிச் சங்கு. கீழே பெயரின் முதல் மூன்று எழுத்து.

எனக்கு வியர்த்துவிட்டது.

"பொண்ணுக்கு என்ன செய்யறதா இருக்கீங்கன்னு நாங்க கேட்கப் போறதில்லை" என்றார் தோணியப்பன். "நீங்க ஏதாவது கேட்கணும்னா கேளுங்க சம்பந்தி."

"இந்தப் படத்துக்குச் சட்டம் போட்டது எந்த வருஷம்?" என்றேன்.

இதழினி கண்ணை மூடிக்கொண்டாள்.

நான் எழுந்தேன். கைகூப்பினேன். கூப்பிய கையோடு சுவரில் கன்னத்தை வைத்து, ஒரு கண்ணால் மேலே பார்த்தேன். அந்தக் கோணத்தில்தான் தேதி தெரியும். சம்பந்தியம்மா உருகிப்போய்விட்டார். "இந்தக் காலத்துல பெரியவங்களை யாருங்க இப்படிக் கும்பிடறாங்க? பாருங்களேன், சுவரோட சுவரா ஒட்டிக்கிட்டு! எனக்குப் பூரண சம்மதம். தாம்பூலத்தை எடுங்க" என்றார். என் மனைவி முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை எங்கள் கல்யாணத்தில்கூட நான் பார்த்ததில்லை. அந்த நிமிஷத்தில் நான் உட்கார்ந்திருந்தால் எல்லாம் முடிந்திருக்கும் என்று அவள் இன்றைக்கும் சொல்கிறாள். சரிதான். ஆனால் தேதி பாதிதான் தெரிந்தது சார்.

முக்காலி பக்கத்தில் இருந்தது. ஏறிப் படத்தைக் கழற்றினேன். பின்னால் குடியிருந்த பல்லி தோணியப்பன் தலையில் விழுந்தது. தலையில் பல்லி விழுந்தால் கலகம் என்று பஞ்சாங்கத்தில் இருக்கிறது. ஆனால் வழுக்கைத் தலைக்குத் தனியாகப் பலன் போடவில்லை, அதையும் அங்கேயே சொன்னேன். யாரும் ஆறுதல் அடைந்ததாகத் தெரியவில்லை.

"அண்ணே, இன்னிக்குப் போயி பெரியவரைக் கீழ இறக்கறீங்களே!" என்று சம்பந்தியம்மா பதறினார். நான் அதற்குள் அவரைக் குப்புறப் படுக்க வைத்திருந்தேன். மைதாப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். மைதாப் பசையை வறட்டுக் கையால் உரித்தால் காகிதம் செதில் செதிலாக வரும், கொஞ்சம் ஈரம் வேண்டும். கைக்கெட்டும் தூரத்தில் பன்னீர்ச் செம்பு இருந்தது. நிதானமாகத் தெளித்தேன். மணக்க மணக்க உரித்தேன். என் ஆய்வு வாழ்க்கையில் அவ்வளவு வாசனையாக ஒரு சான்று கிடைத்ததே இல்லை.

வெண்சங்கு. 1936. கடைசி இதழ். முதல் பக்கம். சுயம்பிரகாசத்தின் கடைசி அறைகூவல்! வகுப்பில் படிக்கிற குரலில் படித்தேன். கூடம் முழுக்கக் கேட்கிற குரல் எனக்கு. வரிக்கு வரி மனப்பாடமாகச் சொல்கிறேன், கேளுங்கள்.

'வருந்துகிறோம். சென்ற இதழில், சீர்காழி மிராசுதார் ஸ்ரீமான் சட்டநாத பிள்ளையவர்கள் சிவபதவி அடைந்ததாக நாம் பிரசுரித்த சமாசாரம் தவறென்று தெரியவருகிறது. பிள்ளையவர்கள் நமது காரியாலயத்துக்கு நேரில் விஜயம் செய்து, தாம் ஜீவித்திருப்பதை ஐயமற விளக்கினார்கள். அவ்விளக்கத்தில் நமது மேஜையும், அச்சு யந்திரத்தின் கைப்பிடியும், ஆசிரியரின் இடது கையும் பழுதுற்றபடியால் பத்திரிகை இத்துடன் நிறுத்தப்படுகிறது. மேற்படி பிள்ளையவர்களுக்குச் சீர்காழியில் ஒரு குடும்பமும் மாயவரத்தில் ஒரு குடும்பமும் உண்டென்று எழுதிய வரியையும் வாபஸ் பெறுகிறோம். மாயவரத்தில் ஒன்றுமில்லை.'

படித்து முடித்த பிறகுதான் நிமிர்ந்தேன். சிபி உதட்டைக் கடித்துக்கொண்டு சன்னலைப் பார்த்தான்.

"உசிரோட இருக்கேன்னு பேப்பர்லயே போட வச்சு, அதைத் தன் படத்துக்குப் பின்னாலயும் ஒட்டி வச்சிருக்காரே" என்றார் தோணியப்பன் மெல்ல. "நாங்க வருஷா வருஷம் பென்ஷனுக்கு லைஃப் சர்டிபிகேட் கொடுக்கற மாதிரி."

"நீங்க சும்மா இருங்க!" என்றார் சம்பந்தியம்மா. பிறகு என்னிடம், "அதான் ஒண்ணுமில்லைன்னு போட்டுட்டானே. பேரு வச்ச மாதிரியே உசிரோட இருக்கிற மனுஷருக்குச் சங்கு ஊதினவன், அவன் பேச்சு ஒரு பேச்சா?"

இந்த இடத்தில் ஒரு தலையாட்டு போதும் என்று பிற்பாடு மூன்று பேர் சொன்னார்கள். ஆனால் ஓர் ஆய்வாளன் முன்னால் தவறான வாதத்தை வைத்துவிட்டு அவனைச் சும்மா இரு என்றால் எப்படி சார்? நான் பொறுமையாக விளக்கினேன். "அம்மா, கை உடைந்தவர் எழுதிய மறுப்பைச் சான்றாகக் கொள்ள முடியாது. அதிலும், இறந்துபோனார் என்று எழுதியதைத் தவறு என்கிறார். மாயவரத்து வரியை மட்டும் வாபஸ் என்கிறார். தவறு என்பது வேறு, வாபஸ் என்பது வேறு. இதை வைத்துப் பார்த்தால் மாயவரத்தில் ஏதோ இருந்திருப்பதற்கான வாய்ப்பே அதிகம்."

அந்த அம்மா தாம்பூலத் தட்டைத் தூக்கி உள்ளே வைத்துவிட்டார்.

வெளியே வந்து சொன்னது இது. "படத்தை இப்படி அலங்கோலமாக்கிட்டீங்க. நீங்களே எடுத்துட்டுப் போய்ச் சரி பண்ணுங்க. அப்படியே மாயவரத்துக்கும் போங்க. நல்லாத் தேடுங்க. அங்க யாருமில்லைன்னு உங்க வாயாலயே வந்து இதே கூடத்துல சொல்லுங்க. அன்னிக்குத் தட்டு மாத்திக்கலாம். இல்லேன்னா இந்தப் பேச்சு இத்தோட முடிஞ்சுது."

நியாயமான கோரிக்கை. ஆய்வுக்கு ஒரு கேள்வி, ஓர் எல்லை, ஒரு காலம். என் நெறியாளர்கூட அவ்வளவு தெளிவாகச் சொன்னதில்லை.

வீட்டுக்கு வந்து சௌந்தரா சொன்னாள், "ஏங்க, மாயவரத்துல இறங்குங்க, ஒரு காபி குடிங்க, அடுத்த பஸ்ஸைப் பிடிச்சு வந்து ஒண்ணுமில்லைன்னு சொல்லுங்க. அவ்வளவுதான் ஆராய்ச்சி." இதழினி இரண்டு நாள் தட்டில் சாப்பாட்டைப் பிசைந்துகொண்டே உட்கார்ந்திருந்தாள். பிறகு, "அப்பா, எனக்கு அவனைக் கட்டிக்கணும்பா. உங்களுக்குப் புரியுதா?" என்றாள். புரிகிறது என்றேன். புரியாமல் என்ன? ஆனால் சார், அடிக்குறிப்பு பொய்யாக இருக்கிற ஒரு வீட்டுக்குள் நான் எப்படி என் பெண்ணை அனுப்புவேன்?

இன்று காலை மயிலாடுதுறையில் இறங்கினேன். நான் காலத்துக்கேற்ற பெயரைத்தான் சொல்வேன், 1936ஐப் பேசும்போது மாயவரம், பேருந்துச் சீட்டு வாங்கும்போது மயிலாடுதுறை. கல்லூரியில் விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். நகராட்சிப் பதிவேடு, கோயில் கல்வெட்டு, பத்திரப் பதிவு என்று ஒரு திட்டம் வைத்திருந்தேன். முதலில் சௌந்தரா சொன்ன காபி. ஓட்டலில் எதிர் நாற்காலியில் படத்தை நிறுத்தினேன். பரிமாறுகிறவர் அவருக்கும் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்துவிட்டு, "என்ன, சீர்காழியாரு இன்னிக்கு வெளிய வந்திருக்காரு?" என்றார்.

அவர் கை காட்டிய தெருக்கோடியில் ஒரு வீடு சார். பெயரே சீர்காழியார் வீடு. கூடத்தில் இதே படம், இதே பூத்தொட்டி, இதே மாடிப்படி. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். காபி ஆறுவதற்குள் முடிகிற தேடலுக்கு விடுப்பு எதற்கு?

அந்த வீட்டுக்காரர் அமிர்தகடேசன், பாத்திரக்கடை வைத்திருக்கிறார். பிள்ளையின் மாயவரத்துப் பேரன். எடுத்த எடுப்பில் நான் பின்பக்கத்தில் இருந்த வரிகளைச் சொன்னேன். அவர் சிரித்த சிரிப்பில் உள்ளேயிருந்து மொத்தக் குடும்பமும் கூடத்துக்கு வந்துவிட்டது.

"தவறுதலா போட்டுட்டாராமா? சுயம்பிரகாசம் யாருன்னு நினைச்சீங்க? எங்க பாட்டியோட தம்பிங்க! தாத்தா கோவிச்சுக்கிட்டு நாலு மாசமா இந்தப் பக்கமே தலைகாட்டல. பாட்டி தம்பிகிட்ட, 'எனக்கு அந்த மனுஷர் செத்துட்டாருடா'ன்னு அழுதிருக்கு. அவரு அதையே அச்சுல ஏத்திட்டாரு. அதுலயும் எல்லா விவரத்தோடயும்."

வெள்ளைக்காரன் இல்லையாம் சார். அக்காள் கணவராம். நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தேன், ஐந்தாம் அத்தியாயத்தில் அதிகம் மாற்ற வேண்டியதில்லை. 'அடக்குமுறை' என்ற தலைப்பு அப்படியே நிற்கும். அடக்கியவர் பெயரை மட்டும் மாற்றினால் போதும்.

"அவர் பத்திரிகை எல்லாம் இங்கதான் இருக்கு. முதல் இதழ்லேர்ந்து கடைசி வரைக்கும், ஒண்ணு விடாம" என்றார் அமிர்தகடேசன். பெட்டியைத் திறந்து காட்டினார். நான் தொடப் போனேன். மூடிவிட்டார். "நீங்க எதுக்காக வந்தீங்கன்னு முழுசாச் சொல்லுங்க."

நான் எதையும் மறைக்கிற ஆள் இல்லை. சொன்னேன். சம்பந்தியம்மா, தாம்பூலத் தட்டு, நீங்கள் யாரும் இல்லை என்று நான் போய்ச் சொன்னால்தான் என் பெண்ணுக்குக் கல்யாணம், எல்லாவற்றையும்.

"நாங்க இல்லைன்னா?"

"ஆமாம்."

"அதை நீங்க போய்ச் சொல்லணும்?"

"நல்லாத் தேடிவிட்டுச் சொல்ல வேண்டும்."

அவர் மனைவி சொன்னார், "எண்பது வருஷமா நாங்களும் மானத்தோடதான் இருக்கோம். எங்க வீட்டுக் கல்யாணத்துக்கெல்லாம் சீர்காழிக்குப் பத்திரிகை அனுப்பியிருக்கோம். ஒரு தடவையாவது வந்தாங்களா, கேளுங்க." அமிர்தகடேசன் சட்டையை மாட்டிக்கொண்டார். "பெட்டி உங்களுக்குத்தான் சார். ஆனா நாங்களும் வர்றோம். இருக்கோமா இல்லையான்னு அவங்களே கண்ணால பார்த்துக்கட்டும்." நேரில் விஜயம் செய்து ஐயமற விளக்குவது அந்தக் குடும்பத்தில் பரம்பரை வழக்கம் போலிருக்கிறது.

ஆமாம் சார், உங்கள் காலுக்கடியில் இருப்பதுதான் பெட்டி. மிதிக்காதீர்கள். பின் சீட்டில் முறுக்குப் பொட்டலத்தோடு கலகலவென்று இருக்கிறார்களே, அவர்கள்தான் சான்று. சன்னலோரமாக மீசையோடு இருப்பவர் அமிர்தகடேசன். மீசையைப் பாருங்கள், படத்தையும் பாருங்கள். இதற்கு மேல் என்ன ஆதாரம் வேண்டும்? சம்பந்தியம்மா மனம் நிறைந்துபோய்விடுவார். அவ்வளவு நன்றாக யார் தேடியிருப்பார்கள்?

ஒரு நிமிடம், பெண்தான் கூப்பிடுகிறாள். அவளும் சௌந்தராவும் என் பதிலுக்காகத் தோணியப்பன் வீட்டில் காத்திருக்கிறார்கள்.

"சொல்லு இதழினி... வந்துகொண்டே இருக்கிறேன், வைத்தீஸ்வரன்கோயில் தாண்டியாகிவிட்டது... படம் பத்திரம்... என்ன சொல்லப் போகிறேனா? நேரில் சொல்கிறேனே... ஒன்றுமில்லை என்று சொல்ல முடியாது அம்மா... ஹலோ?... இருக்கிறாயா?... என்ன? எத்தனை பேரா?... குழந்தையையும் சேர்த்து ஒன்பது... சிரிக்கிறாயா, அழுகிறாயா, சரியாகக் கேட்கவில்லை... யார், சிபியா?... அவன் என்ன சொல்கிறான்?... அப்படியா? சரி. சரி அம்மா."

வைத்துவிட்டாள். சிபி வாழை இலை வாங்கக் கிளம்பிவிட்டானாம். ஒன்பது இலை கூடுதலாக வாங்கிவந்து, தானே முன்னால் நின்று எல்லோரையும் உட்கார வைக்கப் போகிறானாம். அவன் அம்மாவிடம், 'உங்க கையால பரிமாறுங்க, இல்லேன்னா நான் பரிமாறுறேன்' என்று சொல்லிவிட்டானாம். அதற்கு அந்த அம்மா நேராக அடுப்பங்கரைக்குப் போய், இன்னும் இரண்டு படி அரிசியைக் களைய ஆரம்பித்துவிட்டாராம். கோபமாகத்தான் களைகிறாராம், சத்தம் கூடம் வரை கேட்கிறதாம்.

என் பெண்ணைக் கவனித்தீர்களா சார்? கண்டுபிடித்தேனா இல்லையா என்று கேட்கவே இல்லை. நேராக எண்ணிக்கையைக் கேட்கிறாள். முறைப்படி பயிற்சி எதுவும் நான் கொடுத்ததில்லை, ஆனாலும் பாருங்கள், ஆய்வு மனம்!

சீர்காழி வந்துவிட்டது. பெட்டியை ஒரு கை பிடியுங்கள்.